ரன்வேயில் எடுத்த குட்டி

பாம்பெல்லாம் இல்லீங்க தம்பி, நாய்க்குட்டிதான். பயப்படாம உக்காருங்க. கூடைய நான் மடியில வச்சுக்கறேன், நீங்க கால நல்லா நீட்டிக்கங்க. திருமங்கலத்துலயா ஏறுனீங்க? எங்க போறீங்க? என்னங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இந்த வண்டி போடற சத்தத்துல ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. தென்காசியா? அப்பச் சரி. நான் உங்களுக்கு முன்னாடியே ராஜபாளையத்துல எறங்கிருவேன்.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. ராஜபாளையம் வந்தா ஒரு வார்த்த சொல்லிருங்க. இந்தக் கண்டக்டருக பேசறது அவனுக வாய்க்குள்ளயே போயிருது. காத்தால கோயமுத்தூர்ல ஏறுனதுல இருந்து பாக்கறேன், ஒருத்தனும் வாயத் தொறந்து ஊர் பேரச் சொல்லல. முன்னெல்லாம் கண்டக்டர் கத்துனா கடைசி சீட்டுல தூங்கறவன் எந்திரிச்சு உக்காருவான். இப்ப எல்லாம் முணுமுணுப்புதான். அந்த ஷட்டரச் சித்த எறக்கி விடுங்க, வெயில் குட்டி மேல விழுகுது.

ராஜபாளையத்துக் குட்டிதாங்க. அங்கிருந்து வந்தது, அங்கயே போகுது. வர்றப்ப ஏரோப்ளேன்ல வந்துச்சு, போறப்ப லக்கேஜ் டிக்கெட்டுல போகுது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். இந்தக் கூடையில இருக்கறவன் வானத்துல பறந்தவன். நானும் கூடப் பறந்தேன். இன்னிக்கு இவனக் கொண்டுபோய் கருத்தபாண்டியன்னு ஒருத்தன் கையில குடுத்துட்டு வரணும்னு எனக்கு உத்தரவு. அவன் இவன என்ன பண்ணுவான்னு நெனச்சா எனக்கு நைட்டெல்லாம் தூக்கமில்ல. அது கெடக்கட்டும், மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

எங்க மொதலாளி ஸ்பின்னிங் மில்லுக்காரரு. பெரியவரு இருந்தப்ப அம்பாசடர்ல ஆரம்பிச்சு, அவரு போனதுக்கு அப்புறம் பையன் காலத்துல இப்ப இருக்கற கப்பல் மாதிரி வண்டி வரைக்கும், முப்பத்தோரு வருசம் நாந்தான் ஓட்டுனேன். பேரு நாச்சிமுத்து. மில்லுல போய்க் கேட்டீங்கன்னா தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவாங்க. பெரியவரு மனுசன். அவரும் ராஜபாளையத்து நாய்தான் வளர்த்தாரு. போனாரு, அந்தத் தாய் நாயப் பாத்தாரு, பொழுதுக்கும் அந்த வீட்டு வாசல்ல உக்காந்தாரு, குட்டிக முதுகுக்குப் பின்னால கை தட்டிப் பாத்தாரு, எது வெடுக்குனு திரும்புதோ அதத் தூக்கிச் சாக்குல போட்டுக்கிட்டு இதே மாதிரி பஸ்ஸுல வந்தாரு. வந்ததும் குட்டியத் தூக்கிட்டு ஆட்டுக்கல்ல மூணு சுத்துச் சுத்திக் கீழ விட்டாரு, அப்பத்தான் வீட்ட விட்டு ஓடாதுன்னு. பதினாலு வருசம் அந்த நாய் கேட்டத் தாண்டிப் போகல. அவ்வளவுதான் நாய் வாங்கறது. இதுல ஏரோப்ளேனுக்கு என்ன வேலை?

சின்னவரு அப்பிடி இல்ல. விஷ்ணுபிரகாஷுன்னு பேரு. மில்ல ஓட்டுங்கன்னு அப்பன் குடுத்துட்டுப் போனா, இவரு ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்கிட்டாரு. ரெண்டு வருசம் படிப்பு. நாலு பேர் உக்கார்ற ஏரோப்ளேன் ஒண்ண நாலு மொதலாளிக சேர்ந்து வாங்கி வச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழமையானா மேல போயி ஒரு சுத்துச் சுத்திட்டுப் பொறப்பட்ட எடத்துலயே வந்து எறங்கறாரு. எங்கயும் போறதில்ல தம்பி. எங்க ஊர் மாரியாத்தா நோம்பிக்கு வர்ற ராட்டினமும் அதத்தான் பண்ணுது. அதுல ஏறுனவன் எவனும் கருப்புக் கண்ணாடி மாட்டிப் போட்டோ எடுத்துத் திரியறதில்ல.

இப்ப நான் வண்டி ஓட்டறதில்லைங்க. ஆறு மாசமா கேட்டுல உக்கார வச்சிருக்காங்க. அது ஒரு பெரிய அக்கிரமம். அவிநாசி ரோட்டுல போயிட்டிருக்கோம், பின்னாடி ஆம்புலன்ஸ் வந்துச்சாம். நான் ஒதுங்கலயாம். எனக்கென்ன முதுகுலயா கண்ணு? பின்னாடி உக்காந்திருந்த சின்னவரு தோளப் புடிச்சுக் குலுக்கறாரு. அண்ணா, அஞ்சு நிமிசமா அடிக்கறான், கேக்கலையான்னு. அந்தக் காலத்து ஆம்புலன்ஸ்ல மணி அடிப்பான், ஊரே ஒதுங்கும். இப்ப அதுகளும் சத்தமில்லாமத்தான் வருது. இத யாரும் பேசறதில்ல. டிரைவர் மேல பழியப் போட்டுட்டாச் சோலி முடிஞ்சுது.

அதுக்கப்புறம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. டாக்டரு என்ன பண்ணுவான், கூட்டிட்டு வந்தவரு மொதலாளியாச்சே, அவரு சொல்றதத்தான் சொல்லுவான். காதுல மாட்டிக்கன்னு ஒரு மிசினையும் வாங்கிக் குடுத்தாங்க. மாட்டுனா எலிக்குஞ்சு கத்தற மாதிரி கீச்சுகீச்சுங்குது. தோ, சட்டப் பையில கெடக்குது பாருங்க. சின்னவரு ஆசையா வாங்கிக் குடுத்ததேன்னு பையில போட்டு வச்சிருக்கேன்.

ஒண்ணரை மாசத்துக்கு முந்தி, அவரு பொண்ணு பொறந்தநாளுக்கு நாய்க்குட்டி வேணும்னு கேட்டுது. ஏழு வயசு. நல்ல கண்ணு அது, அத ஒண்ணும் சொல்லமாட்டேன். உடனே அப்பனுக்கு ரோசம் வந்துருச்சு. ஏரோப்ளேன்ல போயிக் குட்டி எடுத்துட்டு வர்றேன்னுட்டாரு. நான் சொன்னேன், கார்ல போனா ஆறு மணி நேரம், நானே ஓட்டிட்டுப் போயிட்டு வர்றேன்னு. குட்டி கார்ல வாந்தி எடுக்குமாம். ஏரோப்ளேன்ல எடுக்காதாக்கும்! அம்மிணி வர மாட்டேன்னுடுச்சு, அவரு சம்சாரம். உங்க கூட நான் அதுல ஏற மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிருச்சு. மேனேஜருக்கு அன்னைக்குன்னு பாத்துக் காய்ச்சல். குட்டிய மடியில வச்சுக்க ஆள் வேணுமே? நாச்சிமுத்தண்ணா, பழைய நாய நீங்கதான பாத்துக்கிட்டீங்க, வாங்கன்னாரு.

போனேன். பயமா? எனக்கா? அட போங்க தம்பி. ஒரு கைப்பிடி இருந்துச்சு, அத மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அது கதவுத் தாப்பாளாமா. விடுங்கண்ணா, விடுங்கண்ணான்னு சின்னவரு பழனி மலை தாண்டற வரைக்கும் கத்தினாரு. காதுல மாட்டிக்கங்கன்னு கொட்டாங்கச்சி மாதிரி ரெண்டு குடுத்தாரு. இன்ஜின் சத்தம் தாங்காதாம். என்னத்தத் தாங்காது? எனக்கு அப்பிடி ஒண்ணும் பெரிய சத்தமாவே தெரியல. மில்லு ஜெனரேட்டர் ரூம்ல பதினஞ்சு வருசம் படுத்துத் தூங்குனவன் நான். பெரியவரு எந்நேரத்துக்குக் கூப்பிட்டாலும் வண்டி எடுக்கணும்னு அங்கதான் பாய் போட்டிருப்பேன். இவங்க எல்லாம் ஏசி ரூம்ல பொறந்து வளந்தவங்க, கொஞ்சம் சத்தம்னாலும் காதப் பொத்திக்குவாங்க.

அந்தப் பக்கம் எந்தக் காலத்துலயோ ஒரு மில்லுக்காரரு போட்டு வச்ச ரன்வே ஒண்ணு காட்டுக்குள்ள இருக்குது. ஆடு மேய்ஞ்சுட்டு இருக்குதுங்க அதுல. நாங்க வர்றதப் பாத்துட்டு ஒருத்தன் துண்ட வீசி ஆட்ட வெரட்டறான். அவந்தான் கருத்தபாண்டியன். ஒல்லியா, முட்டிக்கு மேல கட்டுன வேட்டி, பக்கத்துல ஒரு பழைய மொபெட்டு. தரையில மூங்கில் கூடை. சின்னவரு முன்னாடியே போன்ல சொல்லிட்டாரு, நான் ஊருக்குள்ள எல்லாம் வர மாட்டேன், குட்டிகள ரன்வேக்குக் கொண்டாந்துருன்னு. பெரியவரு பொழுதுக்கும் உக்காந்து பாத்த வேலைய இவரு அஞ்சு நிமிசத்துல முடிக்கப் போறாரு.

எறங்குனதும் இன்ஜின அணைக்கல. ஏன்னா, சூட்டுல அணைச்சா மறுபடி சட்டுனு ஸ்டார்ட் ஆகாதாம். எங்க அம்பாசடரே தேவலைன்னு நெனச்சுக்கிட்டேன். ஓடற இன்ஜின விட்டுட்டு அவரும் எறங்கக் கூடாதாம். அதனால அவரு உள்ளயே உக்காந்துட்டு, நீங்க போயி எடுத்துட்டு வாங்கண்ணா, நான் இங்கிருந்து கை காட்டறேன்னாரு. பொண்ணு பாக்கப் போயிக் கார்ல உக்காந்துட்டுக் கை காட்டுவாங்களா தம்பி? அந்தக் காத்தாடிக்குப் பின்னால சுத்திப் போங்க, முன்னால போனீங்கன்னா தலை இருக்காதுன்னு வேற சொல்லி அனுப்பறாரு. நான் சுத்திக்கிட்டுப் போனேன்.

கூடையில அஞ்சு குட்டி. நாலு குட்டி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து மூலையில ஒண்டிக்கிட்டு நடுங்குதுக. ஒண்ணு ஒண்ணுக்குப் போயிருச்சு. இன்னொண்ணு ஊளை விடுது, வாய் தொறந்து மூடறது மட்டும் தெரியுது. இந்த அஞ்சாவது இருக்கானே, இவன் கூடை விளிம்புல முன்னங்கால வச்சு எந்திரிச்சு நின்னு ஏரோப்ளேன வேடிக்க பாக்கறான்! வால ஆட்டிட்டு! அந்தக் காத்துல இவன் காது ரெண்டும் பின்னால படபடன்னு அடிக்குது, அசையல. வெள்ளைன்னா அப்பிடி ஒரு வெள்ளை, மூக்கு ரோஸ் கலரு. சின்னவரு உள்ள இருந்து ரெண்டு கையையும் ஆட்டறாரு, இதுதான், இதுதான்னு. எனக்கும் பாத்ததும் புடிச்சுப் போச்சு. தைரியம்னா இதல்லவா தைரியம்!

நான் தூக்கினேன். அந்தக் கருத்தபாண்டியன் என் கையப் புடிச்சுட்டான். "அது வேண்டாம் அண்ணாச்சி, அத நான் யாருக்கும் குடுக்கிறதில்ல"ன்னான். பக்கத்துல வந்து கத்துனதால அந்த மட்டுக்கும் வெளங்குச்சு. இவன வாங்கித் திருப்பிக் கூடையில விட்டுட்டு வேற ஒண்ண எடுத்து நீட்டறான். நடுங்கிட்டு இருக்கறத! எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு தம்பி. முப்பத்தோரு வருசம் மில்லு மொதலாளிகளோட திரிஞ்சவன், யாவாரிகளப் பாக்காதவனா? நல்ல சரக்க ஒளிச்சு வச்சுக்கிட்டு நோஞ்சானத் தள்ளி விடப் பாக்கறான். வெளியூர்க்காரன், மேல இருந்து வந்து எறங்குறவன், இவனுக்கு என்ன தெரியப் போகுதுன்னு நெனச்சிட்டான். நான் மறுபடியும் இவனத் தூக்குனேன். அவன் என்னமோ நீளமாப் பேசறான். காதத் தொட்டுத் தொட்டுக் கைய விரிக்கறான். நீ பேசறதும் எனக்குக் கேக்கலடா, நான் பேசறதும் உனக்குக் கேக்கலங்கறதுதான் எல்லாருக்கும் தெரியுதே, அதுக்கு எதுக்கு நாடகம்? நீ பேசவே வேண்டாம்னு நான் நடந்துட்டேன்.

பின்னாடியே ஓடி வந்து ஒரு துணியத் திணிச்சான். தாய் நாய் மேல தேச்ச பழைய வேட்டித் துணி. குட்டி அந்த வாசனையில தூங்கும்னு வச்சு விடறது அவங்க வழக்கம். நாத்தம் புடிச்ச துணி, சின்னவரு ஏரோப்ளேன்ல இதெல்லாம் எதுக்குன்னு நான் வாங்கிக் கீழ போட்டேன். காத்துல அது ரன்வேல உருண்டு போச்சு. அவன் அதப் பொறுக்க ஓடுறான். அதுக்குள்ள நாங்க மேல ஏறிட்டோம். திரும்பிப் பாத்தா அந்தத் துணியக் கையில வச்சுக்கிட்டு, வாய் மேல கை வச்சு என்னமோ கத்திட்டு நிக்கறான். நல்ல குட்டி கை விட்டுப் போச்சேன்னு அடிச்சுக்கறான்னு சின்னவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா இப்ப எனக்கு ஆத்தரமா வருது.

கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டமா? சரி சரி.

வர்ற வழியில பூராவும் இவன் என் மடியில தூக்கம். மேகத்துக்குள்ள போயி அந்தப் பெட்டி குலுங்குது, சின்னவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு, இவன் கொட்டாவி விடறான். நானும் இவனும் மட்டுந்தான் அமைதியா இருந்தோம். பொறவிப் பைலட்டுண்ணா இவன்னு சின்னவரு அங்கயே பேரு வச்சுட்டாரு. பைலட். வீட்டுக்கு வந்தா ஆலத்தி என்ன, கேக்கு என்ன, வீடியோ என்ன! ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் வந்து நாயப் பாக்கறாங்களா, ஏரோப்ளேன்ல எறங்கற போட்டோவப் பாக்கறாங்களான்னு தெரியல. இன்ஜின் சத்தத்துக்கே அசையாதவன், சிங்கம் மாதிரின்னு சின்னவரு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்றாரு. நான் ஆட்டுக்கல்ல மூணு சுத்துச் சுத்தலாம்னு பாத்தா அந்த வீட்டுல ஆட்டுக்கல்லே இல்ல. மிக்சியைச் சுத்தவா முடியும்?

அன்னைக்கு ராத்திரியில இருந்து இவன் அழுகை. தாய்த் துணி இல்லையே. நாந்தான் என் காக்கிச் சட்டை ஒண்ண மடிச்சுப் போட்டேன், அதுல மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தூங்குனான். இப்பவும் பாருங்க, கூடைக்குள்ள அதே சட்டைதான்.

ஒரு வாரம் போச்சு. அந்தப் பொண்ணு பைலட், பைலட்டுன்னு கூப்புடுது, இவன் திரும்பறதில்ல. திமிருன்னாரு சின்னவரு. ஒசந்த ஜாதி நாய்க்குத் திமிரு இருக்கும்னு பெருமையா வேற. ரெண்டு வாரம் போச்சு, மூணு வாரம் போச்சு. அப்புறம் நாய் பழக்கறவன்னு ஒருத்தன், அரை டவுசர் போட்டுக்கிட்டு வந்தான். நாய்க்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கறவன். வந்தவன் நேராச் சமையல் கட்டுக்குப் போயி ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தத் தூக்கிட்டு வந்து, வாசல்ல தடி மெத்தை மேல படுத்திருந்த பைலட்டுக்குப் பின்னால இருந்து கல்லுத் தரையில போட்டான். அம்மிணி காதப் பொத்திக்கிட்டு அலறுது. பொண்ணு அழுகுது. தோட்டக்காரன் ஓடி வர்றான். பைலட் அசையல, படுத்த படி படுத்திருக்கான்.

எல்லாரும் பைலட்டப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க. நான் அவனுக்குப் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து ரோட்டப் பாத்துட்டு இருந்தேன். நான் எதுக்குத் திரும்பணும்? ஒரு தட்டு விழுந்தா எடுக்கறதுக்கு அந்த வீட்டுல ஆளா இல்ல?

இது பொறவிச் செவிடுன்னுட்டான் டவுசர்க்காரன். முழு வெள்ளையா, மூக்கு ரோஸா பொறக்கறதுல சிலதுக்கு அப்பிடி இருக்குமாம். இத வளர்க்கறவங்களுக்கு எல்லாம் தெரியும், விக்க மாட்டாங்க, எப்பிடிச் சார் உங்ககிட்டத் தந்தான்னு கேக்கறான். சின்னவரு என்னையத் திரும்பிப் பாத்தாரு. "நீங்கதானண்ணா எடுத்தீங்க?"ன்னாரு. பாத்தீங்களா? உள்ள உக்காந்துட்டு ரெண்டு கையையும் ஆட்டுனது யாரு? ஊருக்குள்ள வர மாட்டேன்னது யாரு? இன்ஜின ஓட விட்டா எவன் கை தட்டிப் பாக்க முடியும்? பெரியவரு இருந்தா இப்பிடி நடக்குமா? இதையெல்லாம் அவருகிட்டச் சொன்னேன்னு வைங்க. மனசுக்குள்ள சொன்னேன்.

அன்னையில இருந்து பைலட்ட உள்ள விடறதில்ல. என் கூட கேட்டு ரூம்ல கட்டிட்டாங்க. அம்மிணி வெளிய போறப்ப சிரிச்சிட்டே சொல்லுது, அண்ணனுக்கு ஏத்த நாய்னு. நல்ல எண்ணத்துலதான் சொல்லிருக்கும். ரெண்டு பேரும் விசுவாசமானவங்கன்னு சொல்ல வந்திருக்கும். அதுகிட்ட நல்ல வார்த்த வர்றதே அபூர்வம், வந்தத நாம ஏன் ஆராயணும்?

ஆனா இவனோட கெட்டிக்காரத்தனம் அவங்களுக்குத் தெரியாது தம்பி. நாந்தான் கண்டுபுடிச்சேன். தரையில ரெண்டு தட்டுத் தட்டுனா போதும், எங்க இருந்தாலும் ஓடி வருவான். கால் பாதத்துல அது தெரியும் போல. கையத் தூக்குனா உக்காருவான். வெரல இப்பிடிச் சுத்துனா சுத்துவான். அந்த டவுசர்க்காரன் ஒரு மாசம் இருந்தாலும் பண்ண முடியாதத நான் நாலு நாள்ல பண்ணேன். யாராச்சும் வந்து கேட்டத் தொட்டா இவன் எந்திரிச்சு என் கால நக்குவான், நான் போயித் தொறப்பேன். ஹாரன் அடிக்கறாங்க, கேக்கலையான்னு முன்னெல்லாம் கத்துவாங்க, இவன் வந்ததுக்கு அப்புறம் ஒருத்தனும் கத்துனதில்ல. செவிட்டு நாயாம். அந்த வீட்டுல காது கேக்கறவங்க எத்தன பேரு, எவனாவது என்னைக்காவது நான் சொன்னதக் கேட்டிருக்கானா? இவன் கேட்டான்.

போன வாரம் சின்னவரு கருத்தபாண்டியனுக்குப் போன் போட்டாரு. என்கிட்டயும் குடுத்தாரு, டவர் சரியில்ல, அவன் பேசறது ஒண்ணும் வெளங்கல. கொண்டாரச் சொல்லிட்டான், வேற குட்டி தர்றானாம்னு சின்னவருதான் சொன்னாரு. இவன என்ன பண்ணுவாங்கன்னு நான் டவுசர்க்காரன்கிட்டக் கேட்டேன். அவன் கைய மட்டும் இப்பிடி வீசிக் காட்டுனான். ஊசியோ, குழியோ, என்ன எழவோ. யாவாரத்துக்கு ஆகாத குட்டிய எவன் வச்சுச் சோறு போடுவான்? அந்தப் பொண்ணு மட்டும் ரெண்டு நாள் சாப்புடாம அழுதுச்சு. அதுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டாங்க.

என்ன கேக்கறீங்க? பக்கத்துல வந்து சொல்லுங்க. அவன் வளர்க்கறதுக்குன்னே வச்சிருந்தா என்னன்னா? யாருக்கும் குடுக்கிறதில்லன்னு சொன்னதுக்கு அதானே அர்த்தம்கறீங்களா? அட நீங்க ஒண்ணு. அவன் என்ன சாமியாரா? அவன் மூஞ்சிய நீங்க பாக்கல. ஆனா அந்தத் துணியப் பொறுக்கிட்டு ஓடி வந்தான், அது வாஸ்தவம். நாப்பத்தஞ்சு நாள் பால் குடுத்து வச்சிருந்தான், அதுவும் வாஸ்தவம். விடுங்க, வளர்ப்பானோ புதைப்பானோ, எனக்கு அந்த ஆளப் புடிக்கல.

அப்புறம் நேத்து என்னையக் கூப்புட்டு, நாச்சிமுத்தண்ணா, பைலட்ட விட்டுட்டு நீங்களும் அப்பிடியே ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்கன்னாரு சின்னவரு. புதுக் குட்டிய எடுக்க மேனேஜர் கார்ல வருவாராம். எனக்குச் சம்பளத்தோட லீவு. நானே போன் பண்றேன், அது வரைக்கும் வர வேண்டாம், துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்கன்னாரு. மேல பாருங்க, அந்தப் பச்சப் பை நம்முளுதுதான். முப்பத்தோரு வருசத்துத் துணி ஒரு பைக்குள்ள அடங்கிருச்சு. கேட்டு ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறாங்க போல, அதான் எல்லாத்தையும் எடுக்கச் சொல்றாங்கன்னு நெனச்சேன். எப்பிடித் தாட்டி விடறாங்க பாருங்க, இந்தக் குட்டி வர்றப்ப ஏரோப்ளேனு, எனக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடக் காரு கெடையாது.

இவனுக்கு பிஸ்கட் ஒண்ணு குடுக்கறேன், இருங்க. பாருங்க, வெரலக் கடிக்காம எப்பிடி வாங்கறான்னு. பல்லு எல்லாம் மொளச்சாச்சு, ஆனாலும் நுனி நாக்குல வாங்குவான். இத நான் சொல்லிக் குடுக்கல. டேய், போதும்டா, கூடைய நக்காத. நான் இவன்கிட்டப் பொழுதுக்கும் பேசிட்டே இருப்பேன் தம்பி. கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் மூஞ்சியப் பாத்துட்டே இருப்பான். அந்த வீட்டுல பெரியவருக்கு அப்புறம் என் மூஞ்சியப் பாத்து யாரும் பேசுனதில்ல. கருத்தபாண்டியன் கையில குடுக்கறப்ப என்ன சொல்லிக் குடுக்கறதுன்னு காத்தால இருந்து யோசிக்கறேன். ரெண்டு தட்டுத் தட்டுனா வருவான்னு சொல்லலாம். அவன் கேப்பானா? அவன் கேக்கற ஆளாத் தெரியல. சட்டையையும் குடுத்துட்டு வந்தர்றதுதான்...

ஏன் தம்பி கூடையத் தட்டறீங்க? தோளப் புடிச்சு எதுக்குக் குலுக்கறீங்க? கூப்புட்டாத் திரும்ப மாட்டனா? நீங்க தட்டுனதும் இவன் கூட எந்திரிச்சு உங்களப் பாக்கறான்.

என்னது? எப்ப?

ராஜபாளையம் வந்துட்டுப் போயிருச்சா? பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சா? நிக்கவே இல்லையே. ஷட்டர் எறக்கி இருந்ததால தெரியல. கண்டக்டரு சொன்னானா? சொல்லிருக்க மாட்டான், சொல்லிருந்தா எனக்கு... மூணு தடவ கத்துனானா? நீங்களும் கூப்புட்டீங்களா? எத்தன தடவ?

ஓகோ.

இல்ல தம்பி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க சொன்னீங்க. நாந்தான் பிஸ்கட் குடுத்துட்டு இருந்தேன்.

நானும் அவ்வளவு முட்டாள் இல்லைங்க. பெயிண்ட் அடிக்கறதுக்கு எவனாவது துணிமணிய ஊருக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லுவானா? எனக்குத் தெரியும். அவரு போன் பண்ண மாட்டாரு. பண்ணுனாலும் டவர் இருக்காது எனக்கு. அன்னைக்கு அந்த மனுசன் ரன்வேல காதத் தொட்டுத் தொட்டுக் காட்டுனான் பாருங்க, அத மட்டும் நான் வெளங்கிக்கிட்டிருந்தா இந்தக் குட்டி அவன் வீட்டு வாசல்லயே கெடந்திருக்கும். வெளங்கிக்கல. அப்ப இவன் என்கிட்ட வந்திருக்கவும் மாட்டான். எனக்கு இவன விட மனசில்ல தம்பி, அவ்வளவுதான்.

அடுத்து எந்த ஊரு? சேத்தூரா? நான் அங்க எறங்கிக்கறேன். அந்தப் பச்சப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க. எதுத்த பக்கம் நின்னா கோயமுத்தூர் வண்டி வருமில்ல? கிணத்துக்கடவுல எனக்கு ஒரு வீடு பூட்டிக் கெடக்குது. அங்க ஆட்டுக்கல்லு இருக்குது.

ஆனா ஒண்ணு, திரும்பிப் போற வண்டியும் ராஜபாளையத்துக்குள்ள பூந்துதான போகும். பரவால்ல. இந்தத் தடவ பக்கத்துல எவன் உக்காந்தாலும் மொதல்லயே சொல்லிருவேன். சாமி, எனக்குக் காது கேக்காது, ராஜபாளையம் வந்தா தயவு பண்ணி என்னையத் தொட்டுறாதீங்கன்னு.